கடைவாசலில் கேட்ட குரல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்ச நாட்களாக நீ கூப்பிடும்போதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. அப்பா எடுத்து, அம்மா குளிக்கிறாள், அம்மா தூங்குகிறாள் என்று ஏதோ சொல்லி வைத்துவிடுகிறார். என்னப்பா, அம்மாவுக்கு எந்நேரமும் குளியல்தானா என்று நீ சிரித்தாயாம். நான் குளிக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை, பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். உன் சிநேகிதனின் மனைவி ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறாள், அவள் கையில் இதை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். பஸ்ஸில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே மூச்சில் படி.

வீட்டுச் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை எழுதினபிறகு இதை எழுத மனம் வராது. அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னால் இவர் வாசல்வரை போய்விட்டு நடந்தாயிற்று என்கிறார். அக்காவுக்கு வாந்தி நின்றுவிட்டது, இப்போது எதைப் பார்த்தாலும் பசிக்கிறதாம், மாப்பிள்ளை பயந்துபோயிருக்கிறார். சமையலறைக் கூரை பழையபடி ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். அவ்வளவுதான் வீட்டுச் சங்கதி. இனி எழுதப்போவது நான் வேலை பார்க்கிற பேக்கரியில் நடந்தது. இதில் நீயும் இருக்கிறாய்.

அடுப்படியில் நிற்கிற சூடு அண்ணனை உனக்கு நன்றாகத் தெரியும். சண்டைக்குப் பயந்து எல்லை தாண்டி வந்த குடும்பம், கடைக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். வந்த புதிதில் நம் பேச்சில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான், தட்டைத் தூக்கிக்கொண்டு சூடு சூடு என்று கத்திக்கொண்டே ஓடுவார், அதுவே பேராகிவிட்டது. அவர் மனைவி என்னோடு ரொட்டி அடுக்கிக் கவரில் போடுகிறவள், நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன், அவள் அக்கா என்பாள், மிச்சமெல்லாம் கைஜாடைதான். அவர்களுடைய சின்னப்பெண் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள்தான் அந்த வீட்டில் நம்மைப் போலவே பேசுகிறவள், நம்மைவிட அதிகமாகவும் பேசுகிறவள். லீவில் வந்திருந்தபோது நீ கடையின் கையுறையை ஊதிக் கோழி செய்து கொடுத்தாயே, அன்றிலிருந்து அவளுக்கு நீ கோழி மாமா. நீ போனபிறகும் கோழி மாமா எப்போ வருவாங்க பெரியம்மா என்று என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

அந்த லீவில் ஒரு மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்துவிட்டு, அடுப்படியைப் போனில் படம் பிடித்தாய். ரொட்டி வெந்துவிட்டதா என்று பார்க்க அவர் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் தட்டி, காதருகே வைத்துச் சத்தம் கேட்பார். நீ பின்னால் ரொட்டி அடுக்குகிற ஸ்டாண்டு பக்கம் நின்று எடுத்தாய். அங்கிருந்து பார்த்தால் அவர் முகம் ரொட்டிமேல் கவிழ்ந்து நிமிர்வது மட்டும்தான் தெரியும். எடுத்து முடித்ததும் அவரே ஒரு பன்னைப் பிட்டு உனக்குக் கொடுத்தார், நீயும் சூடு சூடு என்று வாயை ஊதிக்கொண்டு தின்றாய். நான் பக்கத்தில் நின்று கவர் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப்பின் அந்தப் படத்தை நான் மறந்தே போனேன்.

போன வாரம் புதன்கிழமை காலையிலிருந்தே கடையில் வியாபாரம் இல்லை. வாடிக்கையாக வருகிறவர்கள் வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் முந்தின நாள் வாங்கின ரொட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் எறிந்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே போனாள். எதற்கென்று எங்களுக்குப் புரியவில்லை. மத்தியானத்துக்குமேல் எதிர்ச்சாரியில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். முதலில் பத்துப்பேர், அப்புறம் தெரு கொள்ளாத கூட்டம். வெளியே வாடா எச்சில் நாயே என்று ஒரு குரல். அனுப்புங்கடா இவனுங்கள வந்த இடத்துக்கே என்று இன்னொரு குரல். கல் வந்து கண்ணாடி உடைந்ததும் முதலாளி ஷட்டரை இழுத்துவிட்டார். உள்ளே விளக்கைக்கூட அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஷட்டரை வெளியிலிருந்து உதைக்கிற ஒவ்வொரு உதைக்கும் தங்கச்சி காதைப் பொத்திக்கொள்வாள். சூடு அண்ணன் மட்டும் அடுப்பைப் பார்த்தபடி நின்றார், உள்ளே ஒரு தட்டு வெந்துகொண்டிருந்தது, இந்தக் கலவரத்திலும் அது கருகாமல் எடுத்து வைத்தார். இந்த இரைச்சல் அவருக்குப் புதிது இல்லை என்று அவர் நின்ற நிலையைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் எனக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்று உறைத்தது. குழந்தை தினமும் தனியாகத்தான் நடந்து வருவாள், அந்தத் தெருவழியாகத்தான் வரவேண்டும், இந்தக் கூட்டத்துக்குள்தான் வந்து விழுவாள். முதலாளியிடம் நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்சந்து வழியாக ஓடினேன். அவர் போலீசுக்குப் போன் போடுகிற பதற்றத்தில் இருந்தார், நான் சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தெருமுனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கூட்டத்தின் ஓரத்தில், புத்தகப் பையோடு, ஏதோ வேடிக்கை என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். ஒருத்தன் திரும்பிப் பார்த்து, இது யார் பிள்ளை, அவனோடதா என்றான். என் மக வயித்துப் பேத்தி என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் நம்பாமல் அவள் முகத்தையே பார்த்தான். பக்கத்தில் பல்பு, வயர் விற்கிற கரன்ட் கடைக்காரர் நின்றிருந்தார், உன் அக்கா இப்போதுதான் முதன்முதலாக முழுகாமல் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும், அவர் வீட்டிலிருந்து மாங்காய்கூட வந்தது. அவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். ஆமாப்பா, அந்தம்மா பேத்திதான், சின்னப்பிள்ளைய எதுக்கு மிரட்டுறீங்க, வழி விடுங்க என்றார்.

நாங்கள் நகர்வதற்குள் அந்த ஆள் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். பாருங்கம்மா, நீங்களும் அங்கதானே வேலை பாக்குறீங்க, பாத்துட்டுப் பேசுங்க என்றான். பார்த்தேன். சூடு அண்ணனின் முதுகு, கவிழ்கிற முகம், ரொட்டி. அதன்மேல் ஒரு குரல். நம்ம ஊரு ரொட்டிக்கு எச்சில் பாலிஷ் போடுறானுங்க பாருங்க, என் கண்ணால பாத்தேன், வந்தேறிப் பசங்க கைல சாப்பாட்ட விட்டா இப்படித்தான், இனிமே பாத்துத் தின்னுங்க. அதற்குப்பின் ஒரு சிரிப்பு, பாதியில் வெட்டுப்பட்டது. குழந்தை என் கையை ஆட்டி, பெரியம்மா, இது கோழி மாமாதானே பேசுறாங்க என்றாள். சத்தமாகத்தான் கேட்டாள். கூட்டத்தின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

நீ பிறந்து அழுத முதல் அழுகையிலிருந்து கேட்டு வருகிற குரல், குழந்தை சொல்லித்தானா எனக்குத் தெரியவேண்டும். குழந்தையின் கையைப் பிடித்தபடி அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் ஷட்டர் மேலே போகிற சத்தம். மகள் இன்னும் வரவில்லையே என்று சூடு அண்ணன் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். கையில் ஒரு ரொட்டி. என் பிள்ளை, ஸ்கூல், என் பிள்ளை என்றார். யாரும் வழிவிடவில்லை. சரி, இதற்குத்தானே கோபம் என்று நினைத்தாரோ என்னவோ, ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டு, நல்ல ரொட்டி, நான் சாப்பிடுறேன், என் பிள்ளை சாப்பிடுது என்று அரைகுறையாகச் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பியை எவனோ பிடுங்கி அடித்தான். தலைக்குத்தான் ஓங்கினான், அவர் கையைத் தூக்கினதால் மணிக்கட்டில் விழுந்தது. நான் குழந்தையின் முகத்தை என் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் பார்க்கவில்லை. ஆனால் அவர் கத்தினது அவளுக்குக் கேட்டது, அப்பா என்று என் வயிற்றுக்குள்ளேயே சொன்னாள்.

போலீஸ் வந்து கூட்டம் கலைந்தது. மணிக்கட்டில் எலும்பு முறிவு, காதுக்குமேல் தையல். பின்னறையின் கதவை யாரோ உடைத்துத் துணிமணியைத் தெருவில் வீசிவிட்டிருந்தார்கள். மூன்று பேரையும் நம் வீட்டுக்குக் கூட்டிவந்து உன் அறையில் தங்க வைத்தேன். அப்பா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார், விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்துக்கு நடுவே, நம்ம பையன் குரல்னு தெரிஞ்சுதானே கூட்டிட்டு வந்தே என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. சித்தப்பா பையன்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறான். அண்ணன்மாரெல்லாம் இருக்கிற உங்கள் குரூப்பில் நீ தமாஷுக்குப் போட்டாயாம், அவன் சிரித்துவிட்டு இன்னொரு குரூப்பில் போட்டானாம், அங்கிருந்து ஊர் முழுக்கப் போய்விட்டதாம். அப்பா தன் போனிலிருந்து அழித்துவிட்டேன் என்றார். ஊரே வெச்சிருக்கு, நீங்க அழிச்சு என்ன ஆகப்போகுது என்றேன். வெளிநாட்டுல கேஸுன்னு தெரிஞ்சா அவன் வேலை போயிடும்டி, வாயத் திறக்காதே, என் மேல சத்தியம் என்றார். நான் சத்தியம் செய்யவில்லை, செய்யமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, அதைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை வியாபாரிகள் சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். காவல் அதிகாரியும் வந்திருந்தார். முதலாளி, கடையில் வேலை செய்கிற நாங்கள், தெருக்காரர்கள், நின்றவர்கள் பாதி, உட்கார்ந்தவர்கள் பாதி. சூடு அண்ணன் கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மனைவியோடு கடைசி வரிசையில் இருந்தார். முதலாளி எழுந்து, எனக்கு அவர்மேல் குறை ஒன்றும் இல்லை, ஆனால் வியாபாரம் நடக்கவேண்டுமே, அவரை வைத்துக்கொண்டால் ஒரு பன்கூட விற்காது என்றார். ஒரு பெரிய மனிதர் எழுந்து, நாங்க ஒண்ணும் சும்மா சொல்லல, வீடியோ இருக்கு, அதுல ஒருத்தன் என் கண்ணால பாத்தேன்னு சொல்றான், அவன் என்ன பைத்தியமா, பாக்காமலா சொல்லுவான் என்றார். கூடம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. இவங்க எல்லாரும் இப்படித்தான், மொத்தமா ஊரைவிட்டு அனுப்பணும் என்று ஒருவர் சொன்னதற்குக் கைதட்டினார்கள். கைதட்டினதில் என்னிடம் தினமும் ரொட்டி வாங்குகிறவர்களும் இருந்தார்கள். தங்கச்சிக்குச் சொற்கள் புரியாவிட்டாலும் கைதட்டல் புரிந்தது, அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நின்றது. என் கண்ணால பாத்தேன். அதைச் சொன்னவன் யார் என்று தெரியாதவரை அது பொய் என்று யாரும் சொல்லமுடியாது. அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்திருக்கப்போவது தெரிந்து என் கையைப் பிடித்தார், கெட்டியாகத்தான் பிடித்தார். விடுவித்துக்கொண்டு எழுந்தேன். அந்தக் குரல் என் மகனுடையது என்றேன். அவன் அந்தப் படத்தை எடுக்கும்போது பக்கத்தில் நான் நின்றேன், யாரும் எச்சில் துப்பவில்லை, வெந்த ரொட்டியைத் தட்டிச் சத்தம் கேட்டார், அவ்வளவுதான், அதே கையிலிருந்து என் மகன் பன் வாங்கித் தின்றான், தமாஷுக்குப் பொய் சொல்லியிருக்கிறான் என்றேன். அப்புறம் பின்னாலிருந்து ஒருத்தி, பெத்த பிள்ளையவே காட்டிக் குடுக்குறாளே, இவளும் ஒரு தாயா என்றாள். அந்தப் பெரிய மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி உன் பெயரையும் போன் நம்பரையும் கேட்டார். சொன்னேன். அதற்குப்பின் கரன்ட் கடைக்காரர் எழுந்து, கம்பியால் அடித்தவன் யார் என்று எனக்குத் தெரியும், நானும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. வெளியே வந்தபோது இரண்டுபேர் என் முகத்துக்கு நேராகவே, எவ்வளவு வாங்கினியோ என்று கேட்டார்கள். கைதட்டினவர்களில் சிலர் திங்கட்கிழமை ஒன்றும் நடக்காததுபோல வந்து ரொட்டி கேட்டார்கள், நானும் கட்டிக் கொடுத்தேன். கை ஆறினதும் சூடு அண்ணன் வேலைக்கு வரலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார், சங்கக் கூடத்தில் அவர் பேசின பேச்சுக்கு இது எவ்வளவோ மேல். அடித்தவனைப் பிடித்துவிட்டார்கள்.

ஆனால் கண்ணா, கூட்டத்தில் நான் சொன்னதை அந்தக் குழந்தைதான் தன் அம்மா அப்பாவுக்கு அவர்கள் பேச்சில் மாற்றிச் சொன்னாள். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, அவர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக நானே அவளிடம் சொன்னேன், அவள் அவர்களிடம் சொன்னாள். அந்தப் பிள்ளை வாயால் அதைச் சொல்ல வைத்தேனே என்று இன்னும் மனம் கேட்கவில்லை. ஆனால் வேறு யார் இருந்தார்கள். தங்கச்சி என்னைத் திட்டவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் உன் கட்டிலில் விரித்த போர்வையை மடித்து வைத்தாள், தலையணை உறையைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டாள், பையைக் கட்டினாள். சூடு அண்ணன் மட்டும் வாசலில் நின்று, அவன் என் கையில சாப்பிட்டான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரைக் கேட்பதுபோலச் சொன்னார். இப்போது மாவு மில்லின் மாடியில் இருக்கிறார்கள். தங்கச்சி வேலைக்கு வருகிறாள், என் எதிரில் நின்று ரொட்டி அடுக்குகிறாள், அக்கா என்று கூப்பிடுவதில்லை. குழந்தை பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வருவதில்லை.

போன குளிர்காலத்தில் பஸ் நிறுத்தத்தில் எவனோ உன் காலடியில் துப்பி, உன் நாட்டுக்கே போ என்று கத்தினதை நீ என்னிடம் சொன்னாய். அன்று உன் குரல் எப்படி நடுங்கினது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதே தொண்டைதானே இதையும் சொன்னது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், எனக்கு விளங்கவில்லை. நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. அங்கே தனியாகக் கிடந்து, சொந்தக்காரர்கள் நாலுபேர் சிரிக்கவேண்டும் என்று செய்திருப்பாய். அந்தச் சிரிப்புக்கு ஒரு மனிதனின் கை ஒடிந்தது.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன், மறுபேச்சுப் பேசாதே. அந்த அதிகாரி கூப்பிடுவார், எடுத்து உள்ளதைச் சொல். எந்தக் குரூப்பில் அதைப் போட்டாயோ அதே குரூப்பில், அதே வாயால், நடந்தது என்ன என்று பேசி அனுப்பு. எழுதி அனுப்பாதே, எழுத்தை யாரும் நம்பமாட்டார்கள், உன் குரல்தான் போனது, உன் குரல்தான் திரும்பி வரவேண்டும். அழித்துவிட்டேன், அவ்வளவுதான் என்று ஒதுங்கிவிடாதே. இதனால் வேலை போனால் போகட்டும், வந்துவிடு, கூரை ஒழுகினாலும் வீடு இருக்கிறது, சோறு இருக்கிறது, நான் இருக்கிறேன். உன்னைக் கைவிட்டுவிட்டுத்தான் அன்று எழுந்து நின்றேன் என்று மட்டும் நினைக்காதே. உன்னை விட்டுவிடக்கூடாது என்றுதான் எழுந்தேன்.

அப்பா அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இந்தக் கடிதத்தை இப்போது அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, குளிருக்கு நல்ல கோட்டு வாங்கினானா என்று கேட்டு எழுது என்றார். வாங்கினாயா? வாங்காவிட்டால் வாங்கு.

நீ நல்லபடியாக இருக்கவேண்டும், நாலுபேர் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறவனாக இருக்கவேண்டும், அதற்காக நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். சூடு அண்ணனின் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். குழந்தையைப் பேச வைத்து மன்னிப்புக் கேட்காதே, அவரிடமே கேள், அவருக்குப் புரிகிறமாதிரி மெதுவாகப் பேசு. நீ சொல்லி முடித்ததும் அவர் உடனே எதுவும் சொல்லமாட்டார். ரொம்ப நேரம் சத்தமே வராது. போனை வைத்துவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா